ஜும்பேர் சாப்பிடப் போன கடைகள்

திபிலிசியில் இசானி மெட்ரோ வாசலில் வரிசையாக நிற்கும் வாடகைக் கார்களில் மூக்கு நசுங்கிய வெள்ளைக் கார் ஜும்பேருடையது. தெலாவிக்குப் போக நான்கு பேர் சேர்ந்தால் வண்டியை எடுப்பார். கோம்போரி மலையில் ஏறி இறங்கினால் காஹேத்தி வட்டாரம், கண்ணுக்கெட்டிய மட்டும் திராட்சைக் கொடி. மற்ற ஓட்டுநர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அரசியல் பேசுவார்கள், இல்லாவிட்டால் மருமகளைத் திட்டுவார்கள். ஜும்பேர் வாயைத் திறந்தால் சாப்பாடுதான். அதுவும் கேட்டால்தான் திறப்பார்.

“ஜும்பேர் அண்ணே, ஸ்டேஷன் பக்கம் நல்ல கின்காலி எங்கே கிடைக்கும்?”

“சந்தைக்குப் பின்னாடி போ. செருப்பு தைக்கிறவன் கடைக்குக் கீழே படி இறங்கும். மேல இருக்கிற பெரிய கடைக்குள்ள நுழைஞ்சிடாத, அவன் மாவுல சுவர் கட்டலாம். கீழ இருக்கறவ கையில சூட்சுமம் இருக்கு. கொழுக்கட்டையைக் கடிச்சா உள்ள இருக்கிற கறிச்சாறு முழங்கை வரைக்கும் ஓடும்.”

“நேத்து கொஞ்சம் ஓவராயிடுச்சுண்ணே. தலை இடிக்குது.”

“கொஞ்சமா? உன் வாசனையில எனக்கே ஏறுது. அவ்லபாரியில பாலத்துக்குக் கிட்ட ஆட்டுக்கால் சூப்பு வைக்கிறான். பூண்டை அள்ளிப் போட்டுக் குடி. அன்னிக்கு முழுக்க உன் பொண்டாட்டி பக்கத்துல வரமாட்டா. அதுவும் உனக்கு நல்லதுதான்.”

நகரத்தில் மட்டும் அல்ல. மலைக்கு அந்தப் பக்கமும் எந்த ஊரில் எந்த வீட்டு மண்சாடியில் அவரை விதை குழைய வேகும், எவன் திராட்சைச் சுள்ளி நெருப்பில் கறி சுடுகிறான், எவன் நேரம் மிச்சம் பிடிக்கக் கரியில் சுட்டு ஊரை ஏமாற்றுகிறான், யார் வீட்டுத் திராட்சை மதுவில் தண்ணீர் விழுகிறது என்று எல்லாம் அவருக்கு அத்துப்படி. வெளிநாட்டுக்காரர்கள்கூட ஒருவர் சொல்லி ஒருவர் தேடி வந்தார்கள். கொடுத்துவைத்த மனுஷன், நாக்கு ருசி பார்க்கவே பிறந்தவன் என்று வரிசையில் நின்ற ஓட்டுநர்கள் பொறாமைப்பட்டார்கள்.

இத்தனை கடை தெரிந்தவர் உடம்பில் எலும்பும் தோலும்தான் இருந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை. கடைக்குள் போவார், வாசலைப் பார்த்த மேசையில் உட்கார்வார், எதையாவது கொண்டுவரச் சொல்வார். இரண்டு வாய் தின்பார். கண் மட்டும் ஒவ்வொரு மேசையாக, ஒவ்வொரு முகமாக ஊர்ந்துகொண்டிருக்கும். பிறகு எழுந்து போய்விடுவார். அவர் எந்தக் கடைக்கும் சாப்பிடப் போனதில்லை. தம்பியைத் தேடப் போனார்.

தம்பி பெயர் கோச்சா. கடலோர நகரமான சுகுமி எதிரிகள் கையில் விழுந்த வருஷம் அங்கே சண்டைக்குப் போனவன். கல்யாணம் முடிந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஊர் விழுந்த செய்தி வந்தது, ஓடி வந்தவர்கள் வந்தார்கள், செத்தவர்கள் சிலரும் வந்தார்கள். கோச்சா வரவில்லை. அந்தக் குளிர்காலத்தில் பனிமலையைத் தாண்டி வந்த ஒருவன், வழியில் அவனை உயிரோடு பார்த்தேன் என்றான். அடுத்த வசந்தத்தில் இன்னொருவன் வந்து, திபிலிசி ஸ்டேஷன் பக்கம் ஒரு கின்காலிக் கடையில் பார்த்தேன், மொட்டைத் தலையோடு உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தான், கூப்பிட்டால் அடையாளம் தெரியாமல் முழிக்கிறான் என்றான். சொன்னவன் சொல்லிவிட்டு ஒரு குடம் மது குடித்துவிட்டுப் போனான். பாவி, அந்த ஒரு வாக்கியம் ஒரு மனுஷனின் ஆயுளையே தின்னும் என்று அவனுக்கு எங்கே தெரியும்.

ஜும்பேர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கோச்சா ஒரு சாப்பாட்டு ராமன். கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையாக உட்கார்ந்துகொண்டு பக்கத்துத் தட்டுக் கறியை எடுத்துத் தின்றவன். புத்தி பேதலித்துப் போயிருக்கலாம். நாக்கு பேதலிக்குமா? பசி எடுத்தால் எங்கேயாவது வந்து உட்கார்ந்துதானே ஆக வேண்டும்? ஊரில் இருந்த பங்கை விட்டுவிட்டு நகரத்துக்கு வந்து கார் வாங்கினார். அன்று தொடங்கியதுதான் இந்தக் கடை ஏறி இறங்கும் வேலை.

கோச்சாவின் மனைவி லம்சீரா காஹேத்தியில் அவர்கள் ஊரான நபரேயுலியில் புகுந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள். மாமனாரும் மாமியாரும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். அவள் தனியாகக் கொடியை வெட்டினாள், பழத்தை மிதித்தாள், மண்ணில் புதைத்த சாடிகளில் மதுவை மூடி வைத்தாள். ஜும்பேர் அழைத்து வரும் விருந்தாளிகளுக்குச் சமைத்துப் போட்டுக் காலம் தள்ளினாள். காஹேத்தியில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்பவர்களுக்கு ஜும்பேர் சொல்லும் முதல் இடம் அவள் வீடுதான். ஆனால் அவர் அங்கே சாப்பிட மாட்டார். விருந்தாளிகளை இறக்கிவிட்டு அடுத்த ஊர்க் கடைக்கு வண்டியைத் திருப்புவார். தம்பி இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே வீடு அது. அங்கே உட்கார்ந்து என்ன செய்வது?

“ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கண்ணே. சட்டி இன்னும் சூடா இருக்கு.”

“இல்லம்மா, தெலாவியில புதுசா ஒருத்தன் கடை போட்டிருக்கானாம். ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்.”

அவள் சட்டியை மூடிவிட்டு விருந்தாளிகளைக் கவனிக்கப் போவாள்.

நபரேயுலியில் எந்த விருந்து மேசையானாலும் தலைமை உஷாங்கிதான். கோச்சாவோடு ஒரே பெஞ்சில் படித்தவன், குரல் வளம் உள்ளவன். மேசைத் தலைவன் எழுந்து யாருக்காக என்று சொன்ன பிறகுதான் கோப்பையை எடுக்க வேண்டும், முந்திக்கொண்டு குடித்தால் மரியாதை கெட்டவன். செத்தவர்களுக்கு ஒரு கோப்பை உண்டு. அதில் கோப்பைகள் உரசக் கூடாது, சில சொட்டு ரொட்டியில் ஊற்றிவிட்டு அமைதியாகக் குடிக்க வேண்டும். அடுத்து உயிரோடு இருக்கிறவர்களுக்கு. அதற்குப் பின்னால், வீட்டை விட்டுத் தூரமாய்ப் போனவர்களுக்கு. கோச்சா எந்தக் கோப்பையில் சேர்த்தி? முதல் வருஷமே உஷாங்கி இதை ஜும்பேரிடம் கேட்டான். ஜும்பேர் கண்ணாலேயே அவனை எரித்தார். அன்றிலிருந்து எந்தக் கல்யாணமானாலும் அறுவடையானாலும் தூரத்தில் இருக்கிறவர்கள் கோப்பையில் உஷாங்கி அந்தப் பெயரைச் சொல்லுவான். “நம்ம கோச்சா சீக்கிரம் திரும்பி வரட்டும்!” மேசை முழுதும் “வரட்டும்!” என்று கோப்பையை உரசும். ஜும்பேரின் குரல் எல்லாருக்கும் மேலே கேட்கும்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் இப்படி ஓடிய பிறகு ஓர் அறுவடை நாளில் உஷாங்கி திராட்சைக் கூடையைக் கீழே வைத்துவிட்டு ஜும்பேரிடம் வந்து நின்றான். தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டே லம்சீராவைப் பெண் கேட்டான்.

ஜும்பேர் குலை அறுக்கும் கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை. “என் தம்பி திரும்பி வரட்டும்னு கோப்பை தூக்கற கையாலேயே அவன் பொண்டாட்டி கையைப் பிடிக்கப் போறியாடா?”

“அண்ணே, நான் அப்படி…”

“அப்போ ஒண்ணு செய். இன்னிக்கு மேசையில அவன் செத்துட்டான்னு நீயே ஊத்து. உன் வாயால சொல்லு. சொல்லிட்டு அவளைக் கூட்டிட்டுப் போ.”

உஷாங்கி கூடையைத் தூக்கிக்கொண்டு போனான். அன்று இரவு மேசையில் வழக்கம்போல எழுந்து, வழக்கம்போல “கோச்சா சீக்கிரம் திரும்பி வரட்டும்” என்றான். அடுத்த வருஷங்களில் அவனுக்குத் தலை நரைத்தது. யாரையும் கட்டிக்கொள்ளவும் இல்லை. லம்சீராவுக்கு இது தெரியுமா தெரியாதா என்று ஊரில் ஒருவரும் வாயைத் திறந்து கேட்கவில்லை. ஊருக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

ஈஸ்டருக்கு மறுநாள் ஊரே கல்லறைக்குப் போகும். அவரவர் செத்தவர்கள் பக்கத்தில் துணி விரித்து, சிவப்பு முட்டையை உருட்டி, மதுவை மண்ணில் ஊற்றிச் சாப்பிடுவார்கள். லம்சீரா மாமனார் கல்லறையில் விரிப்பாள். பக்கத்தில் உள்ள வெற்று இடத்தில் புல்லைப் பிடுங்கிக்கொண்டே இருப்பாள். புருஷன் செத்தவள் என்றால் அழலாம், இருக்கிறவள் என்றால் திட்டலாம். அவளுக்கு இரண்டும் இல்லை.

சுகுமி விழுந்து இருபது வருஷம் ஆன பிறகு, அப்படி ஒரு ஈஸ்டரில்தான் செய்தி வந்தது. சுகுமியில் கடலோரப் பூங்காவில் தோண்டிய எலும்புகளை எல்லை நதிக்கு இந்தப் பக்கம் கொண்டு வந்திருக்கிறார்கள், கூடப் பிறந்தவர்கள் ரத்தம் கொடுத்தால் யாருடைய எலும்பு என்று சொல்லிவிடுவார்கள் என்று. லம்சீரா பஸ் பிடித்து இசானிக்கே வந்துவிட்டாள். காரின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

“என் ரத்தம் செல்லாதுன்னு சொல்லிட்டாங்கண்ணே. அவரைப் பெத்தவங்களும் இல்ல. பிள்ளையும் இல்ல. நீங்கதான் இருக்கீங்க. ரெண்டு சொட்டு.”

“நீ போய்க் கேட்டியா? எலும்புக் குவியல்ல உன் புருஷன் இருக்கானான்னு போய்க் கேட்டியா?”

“கேட்டேன். எத்தனை நாளைக்கு அடுத்தவங்க கல்லறையில உட்கார்ந்து சாப்பிடறது? எனக்கு ஒரு கல்லு வேணும்ணே.”

“கல்லா வேணும்? உயிரோட இருக்கறவனுக்கா கல்லு? ரத்தம் கொடுத்தா அவனைக் கொன்ன மாதிரி. நான் கொல்ல மாட்டேன். இறங்கு.”

அவள் இறங்கினாள். கதவை அடித்துச் சாத்தவில்லை, அதுதான் ஜும்பேருக்குப் பொறுக்கவில்லை. அன்று நான்கு பயணிகள் சேரும் முன்பே காரை எடுத்துக்கொண்டு போய் நகரத்தில் ஏழெட்டுக் கடை ஏறி இறங்கினார். அவளும் சும்மா இருக்கவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை வந்து கேட்டாள். வருஷத்துக்கு ஒருமுறை இறங்கினாள். ஜும்பேரின் பிடிவாதத்தைப் பாசம் என்று ஊர் சொன்னது. பாசம்தான், யார் இல்லை என்றார்கள். ஆனால் அந்தப் பாசத்துக்கு இரண்டு பேர் தலை நரைத்துக்கொண்டிருந்தது.

நான்காவது வருஷம் அறுவடை சமயத்தில் தெலாவி பக்கம் ஒரு புது மது விடுதி திறந்தார்கள். சுவரெல்லாம் கண்ணாடி, ரொட்டிக்குக்கூடத் தனித் தட்டு. ஜும்பேர் நான்கு ஜெர்மானியர்களை அங்கே இறக்கிவிட்டு, வழக்கம்போல உள்ளே போய் வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். கண் ஊர ஆரம்பித்தது. கடைசி மேசையில் ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். ரொட்டியைக் கிழித்து, அதில் பாலாடைக்கட்டியும் ஒரு பிடி பச்சைத் தழையும் வைத்துச் சுருட்டி, பக்கத்தில் இருப்பவன் தட்டிலிருந்து கறியைக் குத்தி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சிரித்தான்.

நாற்காலி விழுந்தது ஜும்பேருக்குக் கேட்கவில்லை. ஓடிப் போய்த் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “கோச்சா! டேய் கோச்சா!”

அவன் திரும்பினான். மூக்கு, நெற்றி, கன்னத்துக் குழி, எல்லாம் இருந்தது. “யாரு மாமா நீங்க? தோளை விடுங்க, வலிக்குது.”

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். “மாமாவுக்குக் காலையிலேயே ஏறிடுச்சுடா. ஒரு கோப்பை ஊத்திக் கொடு, இறங்கிடும்.”

“சும்மா இருங்கடா,” என்றான் அந்தப் பையன். “யாரைத் தேடறீங்க மாமா?”

“என் தம்பி. அப்படியே உன் ஜாடை.”

“என்ன வயசு அவருக்கு?”

“இருபத்து நாலு,” என்றார் ஜும்பேர்.

சொன்ன பிறகுதான் அவர் காதில் அது விழுந்தது. அந்தப் பையன் ஒன்றும் புரியாமல் அவருடைய நரைத்த தாடியைப் பார்த்தான். கண்ணாடிச் சுவரில் ஒரு கிழவன் ஒரு சின்னப் பையனின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

இத்தனை வருஷமும் அவர் தேடியது இருபத்து நாலு வயது முகத்தை. கோச்சா உயிரோடு இருந்தால் தொந்தி விழுந்து, பல் போய், ஏறக்குறைய அந்தக் கண்ணாடியில் தெரிகிற மூஞ்சியோடு இருப்பான். எதிர் மேசையிலேயே உட்கார்ந்து தின்றிருந்தாலும் ஜும்பேர் தாண்டிப் போயிருப்பார். அப்படி எத்தனை மேசையைத் தாண்டினாரோ. இல்லை, தாண்டவே இல்லையோ. இரண்டில் எது என்றாலும் இனிமேல் தேடுவதற்கு முகம் இல்லை. விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்த கண், பார்க்க வேண்டியதை ஒருநாளும் பார்க்கவில்லை.

ஜெர்மானியர்களை மறந்துவிட்டு நபரேயுலிக்குப் போனார். லம்சீரா முற்றத்தில் சாடியைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு நிமிர்ந்தாள்.

“நாளைக்குப் போலாம்மா,” என்றார். “ஊசிக்குக் கையைக் கொடுக்கறேன்.”

அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தாள்.

பதில் அடுத்த வசந்தத்தில் வந்தது. முதல் வருஷமே கொண்டுவந்த எலும்புகளில் கோச்சா இருந்தான். நான்கு வருஷமாக எண் ஒட்டிய ஒரு பெட்டியில், ஜும்பேர் தினமும் ஓட்டுகிற சாலையிலிருந்து அதிகத் தூரம் இல்லாத ஒரு கட்டிடத்தில், அலமாரித் தட்டில் இருந்தான். நகரத்து அத்தனை கடைக்குள்ளும் நுழைந்தவர் அந்த ஒரு வாசலில்தான் நுழையவில்லை.

மாமனாருக்குப் பக்கத்து வெற்று இடத்தில் புதைத்தார்கள். முற்றத்தில் பந்தல் போட்டுச் சாவுச் சாப்பாடு. பெரிய அண்டாவில் ஆட்டுக்கறி போட்டுக் குழைய வேகவைத்த சோறு, பச்சைத் தழை, ரொட்டி, லம்சீராவின் கையால் மூடிய சாடியிலிருந்து மது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மேசைத் தலைவன் உஷாங்கி. வேறு யார் இருக்கிறார்கள்? சாவு மேசையில் சிரிக்கக் கூடாது, பாடக் கூடாது, கோப்பை உரசக் கூடாது. உஷாங்கி எழுந்து கோச்சாவுக்கு முதல் கோப்பையைச் சொன்னான். குரல் உடையாமல்தான் சொன்னான். ரொட்டியில் ஊற்றினார்கள். பிறகு பெற்றவர்களுக்கு, முன்னால் போனவர்களுக்கு. பிறகு அந்த வீட்டில் மிஞ்சியிருக்கிறவர்களுக்கு. ஆறாவது கோப்பையோ ஏழாவதோ, அவன் முகம் சிவந்து, கண் எங்கேயோ நிலைத்து, வாய் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

“வீட்டை விட்டுத் தூரமாய்ப் போனவங்களுக்கு இந்தக் கோப்பை,” என்றான். “வெளியூர்ல பாடுபடற நம்ம பிள்ளைங்க நல்லபடியா வீடு திரும்பட்டும். நம்ம கோச்சா சீக்கிரம் திரும்பி வரட்டும்.”

தூக்கிய கைகள் அந்தரத்தில் நின்றன. ஒரே ஒரு குரல், “வரட்டும்!” என்றது. ஒரே ஒரு கோப்பை நீண்டு உஷாங்கியின் கோப்பையில் ணங்கென்று பட்டது. ஜும்பேர்தான்.

உஷாங்கிக்கு அப்போதுதான் தான் சொன்னது உறைத்தது. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, தொப்பென்று உட்கார்ந்து, சின்னப் பிள்ளைபோல வாய்விட்டு அழுதான்.

பெண்கள் பக்கத்திலிருந்து லம்சீரா எழுந்து வந்தாள். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள். உஷாங்கியின் தோளில் கையை வைத்தாள். “அழுங்க,” என்றாள். “இவ்வளவு வருஷம் நீங்களும் அழல.” பிறகு ஜும்பேரைப் பார்த்தாள்.

“வரட்டுமா? இன்னும் வரணுமாண்ணே? அவர் வந்து நாலு வருஷம் ஆச்சு. பெட்டிக்குள்ள கிடந்தார். ரெண்டு சொட்டுதானே கேட்டேன். வருஷா வருஷம் கார்ல ஏறி உங்க காலைப் பிடிக்காத குறையாக் கேட்டேனே. உங்க ரத்தம் என்ன அப்படி ஒசத்தி? எனக்கும் ஒரு வாழ்க்கை இருந்துச்சுண்ணே. இதோ உட்கார்ந்து அழறாரே, இவருக்கும் இருந்துச்சு.”

ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை. ஜும்பேர் கையில் நிரம்பிய கோப்பையோடு நின்றார். குடிக்கவும் முடியவில்லை, ரொட்டியில் ஊற்றவும் முடியவில்லை.

“ஊசிக்குப் பயந்தில்லம்மா,” என்றார் கடைசியில். “நீ சொன்னப்பவே எனக்குத் தெரியும். அவன் அந்தக் குவியல்லதான் இருப்பான்னு உள்ளுக்குள்ள தெரியும். ஆனா கொடுத்துட்டா, மறுநாள் காலையில நான் எந்தக் கடைக்குப் போறது?”

அவர் அதைக் கேள்வியாகத்தான் கேட்டார். ஊரில் எவன் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டாலும் யோசிக்காமல் சொல்கிற மனுஷன், இப்போது பதில் தெரியாமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

லம்சீராவின் கோபம் தீரவில்லை. அது சாகிறவரைக்கும் தீராது என்பது அவள் முகத்திலேயே இருந்தது. ஆனாலும் அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கிக் கீழே வைத்தாள். பக்கத்துத் தட்டில் சோற்றை அள்ளி வைத்து, ரொட்டியைக் கிழித்து ஓரத்தில் போட்டு, அவர் முன்னால் தள்ளினாள்.

“உட்காருங்க,” என்றாள். “இங்க சாப்பிடுங்க.”